காந்தம் வைத்த பை

தங்கமான பையன் என்று இன்பசேகரனுக்கு வேலூரில் ஒரு பெயர் உண்டு. பஸ்ஸில் பெண்களைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை பிடிப்பான். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் யாராவது அவன் காதுபட அந்தப் பெயரைச் சொன்னால், 1987 ஜனவரிக்குப் பிறகு, அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஏன் என்று கேட்கிறவர்களிடம் அவன் சொன்னதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பிறந்தது நெமிலி. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வேலூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் வேலைக்கு வருகிறவர்களின் நேரம் குறிக்கிற குமாஸ்தாவாக இரண்டு வருஷம் இருந்தான். கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஆசை யாரை விட்டது? ஞாயிறுதோறும் ரயிலேறி மெட்ராஸ் போய் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டான். கோயிலுக்கு மட்டம் போட்டுத்தான். அம்மா அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது தனிக் கதை.

அந்த வகுப்பில் ஃபைலைத் திறக்கிற பாடம் நடந்த அன்று, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து ஓடி வந்தான். அவன் நோட்டில் இரண்டே வரி இருந்தது. படிப்பதற்கு "r" போட வேண்டும், எழுதுவதற்கு "w" போட வேண்டும். மூன்றாவதாக ஓர் எழுத்து உண்டு என்பதும், எழுதுவதில் இரண்டு தினுசு உண்டு என்பதும் அவன் போன பிறகு கரும்பலகையில் ஏறியவை. பக்கத்து பெஞ்சுக்காரனிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கேட்கவில்லை.

1986-ல் வேலூர் ரத்த உதவி மையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு டெலிபோன், யாரோ வெளிநாட்டு நண்பர் அனுப்பிவைத்த ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும். நடத்தியவர் தேவகிருபை அம்மா, முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. அன்றைக்குப் போய்க் கூடாரம் போட்டு, தொழிலாளிகளின் ரத்த வகையைப் பார்த்து, பெயரும் விலாசமும் வாங்கி வருவார்கள். எந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலும் பட்டியலைப் பார்த்து, அந்த வகைக்காரருக்கு ஆள் அனுப்புவார்கள். அந்தப் பட்டியல்தான் மையம். அது இல்லாவிட்டால் இரண்டு அறையும் ஒரு டெலிபோனும்தான்.

பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் லில்லி. தோட்டப்பாளையத்தில் அம்மாவோடு இருந்தாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், தற்காலிக வேலை, வரும் ஏப்ரலில் நிரந்தரம் என்று தேவகிருபை அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு மாசம் உட்கார்ந்து நாலாயிரத்துச் சொச்சம் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தாள். கூடாரத்தில் எழுதி வந்து, அடித்து முடித்த சீட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. "கம்ப்யூட்டரே வந்த பின்னாடி இந்தக் குப்பை எதுக்கும்மா?" என்று பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிப் போடச் சொன்னவன் யார்? நம் தங்கமான பையன்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் எதுவும் தங்காது. இடது பக்கப் பொந்தில் ப்ரோக்ராம் இருக்கிற ஃப்ளாப்பித் தகட்டைப் போடுவார்கள், வலது பக்கப் பொந்தில் பட்டியல் இருக்கிற ஃப்ளாப்பியை. பட்டியலுக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று அலுவலக அலமாரியில், இன்னொன்று லில்லி வீட்டில்.

பொங்கலுக்கு முன்னால் அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு பட்டுவிடும் என்று அந்த வாரம் இரண்டு ஃப்ளாப்பியையுமே லில்லி வீட்டுக்கு எடுத்துப் போனாள். கொண்டுபோனது புதுக் கைப்பையில். அவள் அண்ணன் அந்தோணி ஆம்பூரில் தோல் பை செய்கிற ஒரு ஃபேக்டரியில் கட்டிங் பார்க்கிறவன். ஏற்றுமதிக்குப் போகாமல் ஒரு கீறலுக்காக ஒதுக்கின பையைக் கேட்டு வாங்கி, கிறிஸ்துமஸுக்குத் தங்கைக்குக் கொடுத்திருந்தான். கருஞ்சிவப்புத் தோல், மூடியில் காந்தப் பொத்தான். பக்கத்தில் கொண்டுபோனாலே டக்கென்று தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊரில் அப்போது யாரும் அப்படியொரு பையைப் பார்த்ததில்லை. லில்லி அதைத் திறந்து திறந்து மூடிக் காட்டாத ஆள் பாக்கியில்லை.

ஜனவரி பத்தொன்பது, திங்கட்கிழமை. லில்லி ஒன்பது மணிக்கு வந்தாள். பையிலிருந்து இரண்டு ஃப்ளாப்பியையும் எடுத்து இன்பசேகரன் கையில் கொடுத்துவிட்டுத் தபாலாபீசுக்குப் போனாள். அவன் பண்டிகை லீவில் ஒரு புது ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தான், பட்டியலில் புதுப் பெயர் சேர்ப்பதற்கு. லில்லி பெயர்களை அடித்தது கம்ப்யூட்டரோடு வந்த டைப்பிங் ப்ரோக்ராமில். அதுவரை அவன் எழுதியதெல்லாம் பட்டியலைப் படித்துத் தேடுகிற ப்ரோக்ராம்தான். எழுதுகிற ப்ரோக்ராம் இதுவே முதல். நோட்டைப் பார்த்தான், எழுதுவதற்கு என்ன எழுத்து என்று இருந்ததோ அதைப் போட்டான்:

fopen("B:DONOR.DAT", "w")

அந்த ஒற்றை எழுத்து என்ன செய்யும் தெரியுமா? இருக்கிற ஃபைலைத் திறக்கும்போதே உள்ளேயிருக்கிற அத்தனையையும் காலி பண்ணிவிட்டு, வெறும் காகிதமாக நீட்டும், இந்தா எழுது என்று. கேட்காது, எச்சரிக்காது. ஏற்கெனவே இருப்பதன் கடைசியில் சேர்க்க வேண்டுமென்றால் "a" என்று போட்டிருக்க வேண்டும். ரயிலுக்காக எழுந்து ஓடினானே, அந்தப் பாடம்.

ப்ரோக்ராமைத் தாளில் அச்சடித்து, மூலையில் தேதி போட்டுப் பழைய கட்டோடு வைத்தான். பிறகு ஆலங்காயம் காசிநாதன் என்று ஒரு புதுப் பெயரை அடித்தான். பொந்தின் சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. சரியாக ஏறியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். காசிநாதன் இருந்தார். அவரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

ஃப்ளாப்பி கெட்டுவிட்டது என்று நினைத்தான். நினைத்தவன் கொஞ்சம் நிதானித்து ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம். அடுத்த பிரதியை எடுத்து அதே பொந்தில் செருகினான், அதே ப்ரோக்ராமை ஓட்டினான், காசிநாதன் பெயரையே மறுபடி அடித்தான். விளக்கு மினுக்கி அணைந்தது. இதிலும் காசிநாதன் மட்டும்தான்.

தன் ப்ரோக்ராம்தான் அழிக்கிறது என்று அப்போது புரிந்தது. நாலாயிரம் பேர், எட்டு மாசம், ஒரு பெண்ணின் முதுகுவலி. ஐயோ கர்த்தாவே என்று வாய்விட்டே சொன்னான். இதுவரை நடந்தது பிசகு. யார் கைக்கும் வரக்கூடியது, மன்னித்துவிடலாம். அடுத்துச் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு ஃப்ளாப்பியிலும் அந்த ஒற்றைக் காசிநாதன் இருந்தால் யார் வேலை என்று தெரிந்துவிடுமே! இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுசாகத் துடைத்தான். காசிநாதனும் போனார்.

லில்லி திரும்பி வந்தாள். கூடவே தேவகிருபை அம்மாவும் வந்தார்.

"அம்மா, ஃப்ளாப்பி ரெண்டும் காலியா இருக்கு" என்றான்.

"காலின்னா? வெள்ளையடிக்கிற வரைக்கும் இருந்துதே! எப்டிப்பா?"

இன்பசேகரன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. லில்லியின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். "காந்தம் பட்டா இப்டி ஆகும்மா" என்று மட்டும் சொன்னான். சுத்தமான உண்மை, எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கும்.

அவள் குனிந்து பையைப் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். அது அவள் விரலை விட்டு நழுவி டக்கென்று மூடிக்கொண்டது. அவ்வளவுதான், பெண்ணின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"நான்தாம்மா" என்றாள். "நான்தான் இதுல வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஒரு வாரமா இதுலயேதாம்மா இருந்துது."

தேவகிருபை அம்மா கத்துகிறவர் அல்லர். ஆனால் அன்றைக்குச் சொன்னார்: "மினுக்கிக்கினு திரியறதுக்கு ஒரு பை. அதுல ஜனங்க உயிரைப் போட்டு மூடுவியா நீ?" ஏப்ரலில் வரவேண்டிய நிரந்தரம் அதோடு நின்றது. இன்பசேகரன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

லில்லி அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவள் இல்லை. அன்றைக்கே ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். எட்டு மாசம் விரலால் அடித்த பெயர்கள் விரலில் மிச்சம் இருக்குமா என்று பார்த்தாள். அபூர்வ வகைக்காரர்களின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, சாயங்காலத்துக்குள் அறுபத்தோரு பேர். எழுதுவதற்குக் காகிதம் கேட்டாள். இன்பசேகரன் பழைய ப்ரோக்ராம் அச்சடித்த நீளக் காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தான், பின்பக்கம் வெற்றாகத்தானே இருக்கிறது என்று.

அடுத்த வாரமே ஒரு பிரசவக் கேஸுக்கு ஓ நெகடிவ் கேட்டு போன் வந்தது. "பேர்ணாம்பட்டு அப்துல் வஹீத் பாய், உப்புத் தோல் கிடங்குல வேலை, பள்ளிவாசல் பின்னாடி வூடு" என்று லில்லி காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். அவர் வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று லில்லி அவனிடம் வந்து, "நான் செஞ்ச பாவத்துக்கு ஒரு உசிரு போயிருக்கும் சார். கர்த்தர் காப்பாத்தினாரு" என்றாள். அவன் அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. விட்டுப்போன பாடத்தை விசாரித்து, ப்ரோக்ராமில் அந்த எழுத்தை மட்டும் மாற்றினான், சத்தமில்லாமல்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் லில்லி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போனாள். லீவு நாளில் வீட்டிலிருக்கிற தொழிலாளிகளைத் தெருத் தெருவாகத் தேடிப்போய், அதே பழைய காகிதக் கட்டின் பின்பக்கத்தில் பெயர் எழுதி வந்தாள். வெயில், மழை, தோல் ஷாப்புக் கழிவுநீர்ச் சாக்கடை, எதையும் பார்க்கவில்லை. "எதுக்கு லில்லி இவ்ளோ பேஜார்? கொஞ்சம் கொஞ்சமா சேரும்" என்று அவன் ஒருதடவை சொன்னான். "நான் தொலைச்சது, நான்தான் சார் தேடணும்" என்றாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதாவது சாக்கு வைத்து மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுவான். பட்டினி கிடந்தால் கணக்கு நேராகுமென்று நினைத்தானோ என்னவோ, பைத்தியக்காரன்.

1989 ஏப்ரலில் லில்லியை நிரந்தரமாக்கினார்கள். செப்டம்பரில் இன்பசேகரனுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை கிளம்ப வேண்டும். ப்ரோக்ராம்களையெல்லாம் இனி லில்லி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவள் ஏற்கெனவே பாதி கற்றுக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல். எதைப் பார்த்து? இரண்டரை வருஷமாகக் கையில் வைத்திருந்தாளே, அந்தக் காகிதக் கட்டின் முன்பக்கத்தைப் பார்த்து.

புதன்கிழமை காலையில் அதில் ஒரு தாளைக் கொண்டுவந்து அவன் மேஜைமேல் விரித்தாள்.

"சார், இதுல ஃபைலைத் திறக்கிற எடத்துல டபிள்யூ போட்டிருக்கு. இப்ப நாம ஓட்டறதுல ஏ இருக்கு. இன்னா வித்தியாசம்?"

தாளின் மேல்மூலையில் அவனுடைய கையெழுத்தில் தேதி இருந்தது. 19-1-87.

"ரெண்டும் எழுதறதுதான்" என்றான் இன்பசேகரன்.

"அப்டியா? அப்ப டபிள்யூ போட்டே ஒருதடவை ஓட்டிப் பாக்கறேன்."

அவள் போய் உட்கார்ந்தாள். எழுத்தை மாற்றினாள். வலது பொந்தில் பட்டியல் இருந்தது, அவள் நடந்து நடந்து சேர்த்த மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பெயர். இப்போது மூன்று பிரதி இருக்கிறது, ஒன்று போனால் குடி முழுகாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் விரல் பொத்தானுக்குப் போனபோது அவனுக்கு அறிவு வேலை செய்யவில்லை. நாற்காலி கவிழப் பாய்ந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேணாம்! அழிஞ்சிடும்!"

"இன்னா அழிஞ்சிடும்?"

"எல்லாம். டபிள்யூ போட்டா இருக்கிறது அத்தனையும் போய்டும்."

லில்லி கையை விடுவித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே! "யப்பா! நல்ல வேளை சார். அன்னிக்கு நீங்க இத ஓட்டறதுக்கு முன்னாடியே என் பை முந்திக்கிச்சு. இல்லன்னா பழி உங்க மேல வந்திருக்கும்."

அவளே கதவைத் திறந்து போ என்கிறாள். ஆமாம் லில்லி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சனிக்கிழமை ரயிலேறியிருக்கலாம். ஆயுசுக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இன்பசேகரன் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தினான். உட்கார முடியவில்லை.

"பை இல்ல லில்லி" என்றான். "ஓட்டினேன். ரெண்டு ஃப்ளாப்பிலயும் ஓட்டினேன். அப்புறம் தெரியக் கூடாதுன்னு ரெண்டையும் தொடச்சிட்டேன். பை ஒண்ணுமே பண்ணல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், அழுவாள் என்று எதிர்பார்த்தான். கடைசியில் அவள் கேட்டது வேறு.

"அப்ப எங்க அண்ணன்?"

அவனுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே ஆம்பூருக்குப் பஸ் ஏறினாளாம். அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "உன் ஓசிப் பையால என் வாழ்க்கையே போச்சு" என்று பையை அவன் முகத்துக்கு எதிரே விட்டெறிந்துவிட்டு வந்தாளாம். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. அண்ணன் மகள் கோயிலில் முதல்முதலாகப் புது நன்மை வாங்கின நாளுக்குக்கூடப் போகவில்லை.

"அம்மாகிட்ட நீங்க சொல்றது உங்க பாடு" என்றாள். "நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. அண்ணன் வூட்லதான் இருப்பான். வாங்க சார். நீங்களே வந்து சொல்லுங்க."

தேவகிருபை அம்மாவிடம் வியாழக்கிழமை சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணைப் பாத்து நான் பேசினதையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?" என்று கேட்டார். அவன் நின்றுகொண்டே இருந்தான். போ என்று அவர் கையைக் காட்டின பிறகுதான் நகர்ந்தான்.

வெள்ளிக்கிழமை ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லில்லி முன்னால் நடந்தாள். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. "ரத்தக்காரம்மா வந்திருக்குது" என்று ஒரு பெண் சிரித்தாள். லில்லி ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நின்று, ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டாள்.

கதவைத் திறந்த அந்தோணிக்கு நாற்பது வயதிருக்கும். தங்கையைப் பார்த்ததும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டான். இன்பசேகரன் அங்கேயே, தெருவில் நின்றபடியே சொன்னான். ஃபைல், எழுத்து என்றெல்லாம் சொன்னால் புரியாது என்று, "அழிச்சது நானுங்க. உங்க பை மேல பழி விழுந்தப்ப பாத்துக்கினு சும்மா இருந்துட்டேன்" என்று சொன்னான். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். இறங்கவில்லை.

அந்தோணி உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் பழைய வேட்டியில் சுற்றின ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தான். அதே கருஞ்சிவப்புப் பை, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். மூடியில் காந்தம் இல்லை. அது இருந்த இடத்தை வட்டமாக வெட்டியெடுத்து, அதே நிறத் தோலில் ஒட்டுப் போட்டு, நெருக்கமான கைத்தையலில் ஒரு சாதா பொத்தான் வைத்திருந்தான்.

"அடுத்த நாளே காந்தத்தைப் பிச்சி எடுத்துட்டேன் சார்" என்றான் இன்பசேகரனிடம், கண் தங்கைமேல் இருந்தது. "இனிமே பயமில்ல, வந்தா குடுத்துடலாம்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்தத் தெருவுக்கு வருவா. அந்த வூட்ல பேரு கேப்பா, இந்த வூட்ல பேரு கேப்பா. நானும் சட்டை போட்டுக்கினு உள்ளயே உக்காந்திருப்பேன். என் வூட்டுக் கதவ மட்டும் தட்டமாட்டா."

லில்லி பையை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அந்தோணி அவள் தலையில் கை வைத்தான். "உள்ள வா, அண்ணி கறி ஆக்கியிருக்கா" என்றான். பிறகு இன்பசேகரனையும் பார்த்து, "நீயும் வா சார், சாப்ட்டுப் போ" என்றான்.

இன்பசேகரன் அன்றைக்கும் சாப்பிட்டிருக்கவில்லை. செருப்பைக் கழற்றினான். படியில் கால் வைக்கப் போனவனால் முடியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.